செவ்வாய் வரைபடத்துக்கு ஒரு மேற்கோள்

இணையத்தில் நான் எழுதிய கட்டுரையின் உச்சியில் அந்த அறிவிப்புப் பெட்டியை வைத்தவர் காரணத்தைச் சுருக்கமாக எழுதியிருந்தார். "குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை. சார்பற்ற மேற்கோள் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரத்துக்குள் சான்று தரப்படாவிட்டால் நீக்கலாம்." திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்குப் பக்கத்துச் செருப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியூர்க் குடும்பம் ஒன்று எல்லாருடைய செருப்பையும் ஒரே சாக்குப்பையில் போட்டுத் தடுப்புக்கு மேல் தள்ளியது. டோக்கனை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தேன். பெட்டி அங்கேயேதான் இருந்தது.

என்னுடன் ஸ்டாண்டில் வேலை பார்க்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் அப்படி உக்காந்திருக்கீங்க? பை வாசல்லயே கிடக்கு பாருங்க. தூக்கி உள்ள வைங்க."

பையைத் தூக்கி அடுக்கில் வைத்தேன். அவளிடம் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கே எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது.

இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். சம்பளம் கிடையாது. நான் அதில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கையில் கிடைத்ததைப் படிக்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் கொள்ளிடம் ஊருக்குத் தெற்கே ஓடுவதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். வடக்கே என்று மாற்றினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது அது வடக்காகவே இருந்தது. அந்த ஒரு நாள் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பிழை திருத்துவதே என் வேலையாகிவிட்டது. ஸ்டாண்டில் மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் கூட்டம் இருக்காது. ஒரு கட்டுரையை எடுத்து மேலிருந்து கீழே வாசித்து, விட்டுப்போன எழுத்தைப் போட்டு, இரட்டித்த சொல்லை நீக்குவேன். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. எழுதுகிறவர்கள் அங்கே வாதம் செய்வார்கள், ஒருவருக்கொருவர் நன்றி சொல்வார்கள், சிலசமயம் கோபித்துக்கொள்வார்கள். ஆறு வருடத்தில் அங்கே நான் ஒரு வரி எழுதியதில்லை. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடையில்கூட மனைவிதான் பேசுவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எழுத்திலும் அப்படித்தான் இருந்தது. பேசாமல் இருந்ததால் என்னைப் பற்றி அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர், "தங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் இப்பணியில் இருப்பது எங்களுக்குப் பெருமை, ஐயா" என்று எனக்குச் செய்தி வைத்தார். அதற்கும் நான் பதில் எழுதவில்லை. அன்றிலிருந்து அங்கே நான் ஆசிரியர்.

செவ்வாய்க் கோளைப் பற்றிய கட்டுரையில் பிழை திருத்தியபோதுதான் அந்த வரைபடத் தளம் கண்ணில் பட்டது. கட்டுரையின் அடியில் வெளி இணைப்பு என்று ஒரு வரி. தொட்டேன். சிவப்பு உருண்டை ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு விரலால் விரித்தால் பக்கத்தில் வந்தது. இன்னும் விரித்தால் மேடு, பள்ளம், மணல் அலை எல்லாம் தெரிந்தன. பெயருள்ள பள்ளங்களுக்குப் பெயர் எழுதியிருந்தது. ஓரத்தில் அளவுகோல் மாதிரி ஒன்று இருந்தது. அதை ஓரிடத்தில் வைத்து இன்னோரிடம்வரை இழுத்தால் தூரத்தைச் சொல்லும். செவ்வாய் போதும் என்று நினைத்தால் நிலவுக்குப் போகலாம், வெள்ளிக்குப் போகலாம், வியாழனைச் சுற்றுகிற நிலவுகளுக்குப் போகலாம். எந்தப் பெரிய நிறுவனமும் நடத்துவதாகத் தெரியவில்லை. எங்கோ வெளிநாட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்திருப்பதாகத் தளத்தின் ஒரு மூலையில் எழுதியிருந்தது. அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியாது. என் பிரச்சினையே அதுதான்.

நம் ஊர் வரைபடத்தைப் போனில் திறந்தால் கடை, ஓட்டல், போக்குவரத்து நெரிசல், இந்த இடம் எப்படியிருந்தது என்று நம்மையே கேட்கிற கேள்வி எல்லாம் வந்துவிடும். செவ்வாயில் ஒன்றும் வராது. எவ்வளவு தூரம் போனாலும் ஆள் கிடையாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன். ஒரு பெரிய பள்ளத்தாக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போய் முடிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

என் மனைவிக்கு இது தெரியும். அம்மாமண்டபம் பக்கத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். நான் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இன்னைக்கு எது வரைக்கும் போயிருக்கீங்க?" என்பாள்.

"வடக்கால."

"குளிருமே அங்க. திரும்பி வரப்ப தயிர் வாங்கிட்டு வாங்க."

அந்தத் தளத்தைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட இல்லை என்று தெரிந்தபோது, நாமே எழுதினால் என்ன என்று தோன்றியது. அதுவரை நான் ஒரு கட்டுரையையும் தொடங்கியதில்லை. அடுத்தவர் வீட்டில் ஒட்டடை அடிப்பவனாகவே இருந்தேன். மூன்று மாதம் எழுதினேன். ஒரு சிறு நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் போனில் ஏற்றினேன். எந்தெந்தக் கோள் உண்டு, எப்படி அளக்கலாம், பெயர்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று சின்னச் சின்னப் பத்திகள். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. காவிரிப் பாலத்தை நான் கணக்கில்லாமல் நடந்து கடந்திருக்கிறேன். பாலத்தைப் பழுதுபார்க்க வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியிருந்த மாதங்களில் தினமும் நடந்தேன். ஒருநாள் செவ்வாயில் பெயரில்லாத ஒரு சின்னப் பள்ளத்தின் மேல் அளவுகோலை இழுத்தபோது, ஏறக்குறைய பாலத்தின் தூரமே வந்தது. அதனால் இப்படி எழுதினேன்: "திருச்சி காவிரிப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள தூரமே அகலமுள்ள ஒரு பள்ளத்தைக்கூட இதில் தெளிவாகக் காணலாம்."

இரண்டாம் நாளே ஒருவர் அந்த வரியை எடுத்துவிட்டார். "கலைக்களஞ்சிய நடை அன்று" என்று காரணம் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. மற்ற வரிகள் இருந்தன. தினமும் காலையில் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வேன். அந்த ஊரில் எனக்கும் ஒரு வீடு ஆயிற்று என்ற எண்ணம் எனக்குள் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து அந்தப் பெட்டி வந்தபோது அப்படிக் கலங்கியிருக்க மாட்டேன்.

பெட்டி வைத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. விதி எனக்கும் தெரியும். ஒரு பொருளைப் பற்றிக் கட்டுரை வேண்டுமானால், அந்தப் பொருளோடு சம்பந்தமில்லாத வேறு யாராவது அதைப் பற்றி ஏற்கனவே எழுதியிருக்க வேண்டும். செய்தித்தாள், புத்தகம், ஏதாவது. பயன்படுகிறதா என்று விதி கேட்பதில்லை, நல்லதா என்றும் கேட்பதில்லை. இதே விதியை நானே ஒருவருக்குக் காட்டியிருக்கிறேன். அரியமங்கலம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையைப் பற்றி யாரோ ஆசையாகக் கட்டுரை எழுதியிருந்தார். பட்டறைக்காரர் தானாக ஏதோ இயந்திரம் செய்திருந்தாராம். மேற்கோள் ஒன்றுமில்லை. நான்தான் அதில் 'மேற்கோள் தேவை' என்ற முதல் பட்டியை ஒட்டினேன். ஒரு மாதத்தில் கட்டுரை போய்விட்டது. அதை எழுதியவர் அதன்பிறகு வரவேயில்லை. நான் செய்தது சரி. இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பேச்சுப் பக்கத்தில் மூன்று கருத்துகள் வந்திருந்தன. ஒருவர், "இத்தளத்தைப் பற்றி இத்தளமே சொல்வதைத் தவிர வேறு சான்றில்லை. நீக்கலாம்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "பயனுள்ளதுதான். ஆயினும் பயன் அளவுகோல் அன்று. நீக்கலாம்" என்றார். மூன்றாமவர் மட்டும், "இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பெட்டி வைத்தவர் பதில் எழுதியிருந்தார்: "கெடுதல் இல்லை என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றி வைத்தால் அதற்குப் பெயர் கலைக்களஞ்சியம் இல்லை, பரண்." பிறகு என்னைப் பார்த்து, "கட்டுரையை எழுதிய ஐயா தம் கருத்தைத் தெரிவிக்கலாம். ஆசிரியப் பணியில் இருப்பவருக்கு விதியின் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை" என்று முடித்திருந்தார்.

நான் ஒன்றும் எழுதவில்லை. போனில் தேடினேன். தளத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகப் போட்டுத் தேடினேன், தமிழில் எப்படியெல்லாம் எழுத முடியுமோ அப்படியெல்லாம் போட்டுத் தேடினேன். என் கட்டுரைதான் திரும்பத் திரும்ப வந்தது.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து நடந்து நூலகத்துக்குப் போனேன். பழைய செய்தித்தாள்கள் மாடியில் கட்டுக் கட்டாக இருந்தன. அங்கே மேசையில் இருந்த அம்மாவிடம் வாய் திறப்பதற்கு முன் இரண்டு முறை படியிறங்கிவிட்டு மறுபடி ஏறினேன்.

"என்ன வேணுங்க?"

"பழைய பேப்பர்."

"எந்தத் தேதி?"

"தெரியாதுங்க."

"தேதி தெரியாம எதை எடுக்குறது? நிலத் தகராறா? கோர்ட்டு நோட்டீஸ் வந்துச்சான்னு பாக்கத்தான் முக்காவாசிப் பேரு வருவாங்க."

தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் நிலம்? லால்குடியா, மணச்சநல்லூரா?"

"ரொம்ப தூரங்க" என்றேன். "ஞாயித்துக்கிழமை கூட வர்ற புக்கு இருந்தாப் போதுங்க. போன வருஷத்தோடது."

"அதுல எங்க நோட்டீஸ் வரும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் எழுந்து போய் இரண்டு கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். "பிரிச்ச மாதிரியே கட்டி வைக்கணும். முடிச்சுப் போடத் தெரியும்ல?"

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சமையல் குறிப்பு, கோலம், சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம், மாணவர்களுக்கு ஒரு பக்கம். அந்த மாணவர் பக்கத்தில்தான் சின்னச் சின்ன விஷயங்கள் வரும் என்று நினைத்தேன். முதல் கட்டு முடிந்தது. இரண்டாவது கட்டில் பாதியில், ஒரு மாணவர் பக்கத்தின் கீழ் மூலையில், சிவப்பு உருண்டை படம். தலைப்பு, "வீட்டிலிருந்தே கோள்களைச் சுற்றலாம்." தளத்தின் பெயர் இரண்டாவது வரியிலேயே இருந்தது. தமிழில் நான் நினைத்துப் பார்க்காத ஒரு விதமாக எழுதியிருந்தார்கள்.

நின்றுகொண்டே படித்தேன். மூன்றாவது பத்தியில் இந்த வரி இருந்தது: "திருச்சி காவிரிப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள தூரமே அகலமுள்ள ஒரு பள்ளத்தைக்கூட இதில் தெளிவாகக் காணலாம்."

அரை நிமிடம், அல்லது அதைவிடக் குறைவாக, எனக்குத் தோன்றியது என்னவென்றால், இந்த ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறான் என்பது. என்னை மாதிரியே போனை வைத்துக்கொண்டு, பாலத்தை நடந்து கடந்து, அந்தப் பள்ளத்தின் மேல் அளவுகோலை இழுத்துப் பார்த்த ஒருவன். அவன் யார், எந்தத் தெரு, எந்த நேரத்தில் பாலத்தில் போவான் என்றுகூட நினைத்தேன். பிறகு முதல் பத்தியை மறுபடி படித்தேன். அதுவும் என் வரிதான். ஒரு சொல்லை முன்னும் பின்னும் மாற்றியிருந்தார்கள். பிறகு இதழின் தேதியைப் பார்த்தேன். என் கட்டுரை ஏறிய வாரத்துக்கு அடுத்த வாரம். பாலத்து வரி என் கட்டுரையில் இருந்ததே இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளில் யாரோ எடுத்திருக்கிறார்.

உட்கார்ந்தேன். நூலக அம்மா, "கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது."

"ஜெராக்ஸ் வேணுமா? கீழ இருக்கு. நான் எழுதித் தரேன்."

"வேணாங்க."

"இவ்ளோ நேரம் தேடிட்டு வேணாங்குறீங்களே. நிலம் உங்க பேர்ல இல்லையாக்கும்" என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். கட்டைப் பழையபடி கட்டி வைத்துவிட்டு இறங்கினேன்.

என் கட்டுரை நிற்க வேண்டுமானால் வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும். வேறு யாரும் எழுதவில்லை. கட்டுரையை எழுதியதும் நான், நாளிதழ் பார்த்து எழுதியதும் என்னுடையதை. என்னைக் கொண்டே என்னை நிறுவுவதாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க வழியும் இருந்தது. அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. நீக்கப்பட்ட வரிகூடத் தேதியோடு அங்கே இருக்கும். ஆனால் அதைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் காரணமில்லை. நான் சொன்னால் தவிர யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் அதை மேற்கோளாகக் கொடுக்கவும் இல்லை, அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவும் இல்லை. வியாழக்கிழமை முழுவதும் செருப்பை வாங்கினேன், கொடுத்தேன். ஒன்றும் செய்யாமல் இருந்தால் கட்டுரை தானாகப் போய்விடும், யாரிடமும் பேச வேண்டியிருக்காது என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அது வேறு மாதிரி ஆகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து எழுதுகிற ஒரு பயனர், பழைய இணைப்பிதழ்களைச் சேர்த்து வைக்கிறவர், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பேச்சுப் பக்கத்தில் போட்டிருந்தார். "இதோ சான்று. நாளிதழில் தனிக் கட்டுரையே வந்திருக்கிறது. ஐயா கவலைப்பட வேண்டாம்." அதன் கீழே கருத்துகள் மாறத் தொடங்கியிருந்தன. நீக்கலாம் என்றிருந்த இருவரில் ஒருவர் தம் வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, "வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். பெட்டி வைத்தவரும், "இன்னொரு சான்றும் இருந்தால் நல்லது, எனினும் இது போதுமானதாகக் கொள்ளலாம்" என்றார்.

எனக்கு மகிழ்ச்சி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுவதும் இருந்தது. சனிக்கிழமை பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டத்தில் மூச்சு விட நேரமில்லை. அன்றும் அந்த மகிழ்ச்சி மனதின் அடியில் இருந்துகொண்டே இருந்தது. டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவரிடம்கூட நான் கடுமையாகப் பேசவில்லை. "கறுப்புச் செருப்புங்க, ரப்பர்" என்று அவர் அடையாளம் சொன்னார். அடுக்கில் பாதி அதுதான். அவரையே உள்ளே விட்டுத் தேடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எனக்கு வேலை. காலையில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"உங்களைப் பாத்துத்தானே அவன் எழுதியிருக்கான்? அது உங்களுக்குப் பெருமைதானே?"

"பெருமைதான். ஆனா அதைச் சாட்சியா வெக்கக் கூடாது."

"நீங்களா வெச்சீங்க? சிங்கப்பூர்காரர்தானே வெச்சாரு."

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கு எவ்வளவோ தெரியும். எங்க அண்ணன் வந்து இருபது நாள் டேரா போட்டப்போகூட அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊர்ல எதுக்கும் வாயத் தொறக்காத மனுஷன், இதுக்கு மட்டும் என்ன?"

அவள் கேட்டது நியாயம். அடுத்தவர் கட்டுரையில் பட்டியை ஒட்டிய கை இது, என் கட்டுரைக்கு மட்டும் வேறு விதியா என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். ஐந்து வரி எழுத முற்பகல் முழுவதும் ஆயிற்று. அந்த நாளிதழ்க் கட்டுரை இந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதப்பட்டது. பாலத்தைப் பற்றிய வரி இங்கே இரண்டு நாள் மட்டும் இருந்து நீக்கப்பட்டது, வரலாற்றுப் பக்கத்தில் காணலாம். ஆகவே அது சார்பற்ற சான்று ஆகாது. வேறு சான்றும் இல்லை. நீக்கிவிடலாம். இவ்வளவுதான். ஆறு வருடத்தில் நான் பேச்சுப் பக்கத்தில் எழுதிய முதல் வரிகள். சேமி என்பதைத் தொட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மதியம் ஸ்டாண்டுக்குப் போய்த்தான் திறந்து பார்த்தேன். என் வரிகள் இருந்தன. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் எண் இருந்தது. வெள்ளிக்கிழமை போனில் இடம் போதவில்லை என்று எதையெதையோ அழித்திருந்தேன். அதில் என் கணக்கும் வெளியேறிவிட்டது. நான் கவனிக்கவில்லை. அங்கே பெயரில்லாமல் எழுதுகிறவர்களுக்கு அந்த மாதிரி எண்தான் விழும். அது நான் என்று யாருக்கும் தெரியாது.

கீழே சிங்கப்பூர்காரர் எழுதியிருந்தார்: "பெயர் சொல்லத் துணிவில்லாத ஒருவர் மூத்த பயனரின் உழைப்பைக் கொச்சைப்படுத்துவதை ஏற்க முடியாது. நாளிதழைப் பார்த்து ஐயாதான் எழுதினார் என்று சொல்லாமல் சொல்கிறார். ஐயா ஓர் ஆசிரியர். இப்படிப்பட்ட இழிசெயல் அவரிடம் இல்லை." நான் எழுதியதை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். பெட்டி வைத்தவரும், "கணக்கில்லாதவரின் குற்றச்சாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டியதில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். என்னிடமிருந்தே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

என்னுடன் வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்னண்ணே, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா, ஒண்ணும் புரியலையே" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"உங்க வீட்டுக்காரியப் பாவம்னுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு டோக்கன் டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவர்கள்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டால் போதும். மறுநாள் கெடு முடியும், கட்டுரை நிற்கும். ஞாயிறு மீதிப் பொழுது முழுவதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், கட்டுரை வேண்டும் என்ற ஆசையைவிட, அவர்கள் எனக்காகப் பேசியதுதான் என்னைக் கட்டிப்போட்டது என்று தெரிகிறது. எனக்காக யாரும் அப்படிப் பேசியதில்லை. இல்லாத ஒரு ஆசிரியருக்காகத்தான் பேசினார்கள். ஆனாலும் காதுக்கு அது நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கணக்கில் நுழைந்து, என் பெயர் மேலே தெரிகிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டு மறுபடி எழுதினேன். மேலே எண்ணில் உள்ள கருத்தும் என்னுடையதே. கணக்கு வெளியேறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. நாளிதழைப் பார்த்து நான் எழுதவில்லை, என்னைப் பார்த்து நாளிதழ் எழுதியது. புதன்கிழமை நூலகத்தில் அதைக் கண்டேன். கட்டுரையை நீக்கிவிட வேண்டுகிறேன். கடைசியில், நான் ஆசிரியர் அல்ல, செருப்பு ஸ்டாண்டில் வேலை செய்கிறேன் என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அழித்தேன். அது விவாதத்துக்குச் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டி வைத்தவர் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து தேதியை ஒப்பிட்டு, "சரிபார்த்தேன், உண்மைதான்" என்று எழுதினார். சிங்கப்பூர்காரர் எழுதியது கொஞ்சம் நீளம். அதில் ஒரு பகுதி மனதில் அப்படியே நிற்கிறது. "புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும் என்றால், வெள்ளிக்கிழமை நான் அதைச் சான்றாக வைத்தபோது ஏன் தடுக்கவில்லை? என் பெயரில் அல்லவா கொடுத்தேன். நேற்று உங்களுக்காக ஒருவரைத் திட்டினேன். அதுவும் நீங்களே என்கிறீர்கள். என்னை என்னவென்று நினைத்தீர்கள்?" ஐயா என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

சிறிது நேரத்தில் நிர்வாகி ஒருவர் வந்து விவாதத்தை மூடினார். முடிவு: நீக்கப்பட்டது. தலைப்பைத் தேடிப் பார்த்தேன். இப்பெயரில் கட்டுரை எதுவும் இல்லை, விரும்பினால் நீங்கள் தொடங்கலாம் என்று வந்தது. யார் எதைத் தேடினாலும் அப்படித்தான் வரும்.

அத்தோடு போகவில்லை. என் பயனர் பக்கத்தில் அந்த நிர்வாகி ஒரு செய்தி வைத்திருந்தார். ஒரே விவாதத்தில் கணக்கிலிருந்தும் கணக்கில்லாமலும் கருத்து எழுதியது விதிமீறலாகக் கருதப்படக்கூடும், இதற்குத் தாங்கள் விளக்கம் தர வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டிருந்தார். அவர்மேலும் தப்பில்லை. இரண்டு பேர் மாதிரி நடித்துக் கருத்தை மாற்றுகிறவர்கள் அங்கே உண்டு. அவருக்கு நானும் அப்படி ஒருவன்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். "என்னங்க, போச்சா?"

"போச்சு."

"நீங்கதானே அனுப்பி வெச்சீங்க. அப்புறம் என்ன?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க ஒண்ணும் நல்ல வார்த்தை சொல்லலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அந்த வரைபடத் தளம் இன்னும் வேலை செய்கிறது. ஒருமுறை திறந்து பார்த்தேன். உருண்டை சுற்றி வந்து நின்றது. எங்கே போவது என்று தெரியாமல் மூடிவிட்டேன். பிழை திருத்தவும் போகவில்லை. நான் நுழைந்தாலே மேலே சிவப்பில் ஒரு குறி தெரியும், பதில் தராத செய்தி இருக்கிறது என்று. சொல்வதற்குப் பெரிய விளக்கம் ஒன்றுமில்லை. போனில் இடம் போதவில்லை, கணக்கு வெளியேறிவிட்டது, கவனிக்கவில்லை. ஏற்கனவே ஒருமுறை எழுதியதுதான். மறுபடி எழுதினால் நம்புவார்களா என்று தெரியவில்லை. அதைவிட, வெள்ளி, சனி என்று இரண்டு நாள் ஏன் பேசாமல் இருந்தேன் என்று சிங்கப்பூர்காரர் கேட்டதற்கு என்ன எழுதுவது?

மாதக்கணக்காகிவிட்டது. சென்ற வாரம் மதியம், நடை சாத்தியிருந்த நேரத்தில், அந்தச் செய்தியைத் திறந்தேன். அடியில் பதில் எழுதும் இடம் இருந்தது. தொட்டவுடன் எழுத்துப் பலகை மேலே வந்தது. "வணக்கம்" என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ, "செருப்பு வாங்குவீங்களா, இல்ல இப்ப மூடிட்டீங்களா?" என்று கேட்டார்.

"வாங்குவோங்க" என்று எழுந்து கையை நீட்டினேன்.